பத்தொன்பது வருடத்துப் பூஜ்யம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கண் மேல் ஆணை, கையில் எடுத்த சோற்றின் மேல் ஆணை. கூட்டிச் சொன்னது ஒன்றும் இல்லை. குறைத்துச் சொன்னது கொஞ்சம் உண்டு, அதுவும் தனியாகப் படுக்கிறவர்களை உத்தேசித்து. சந்தேகப் பேர்வழிகள் இந்தப் பத்தியோடு எழுந்துபோய் உருப்படியாக வேறு வேலை பார்க்கலாம்.

அன்று வியாழக்கிழமை. காலை பதினொன்றரை மணிக்கு, மலை உச்சிக் கோட்டையின் வெளிச்சுவரில், முதலாம் எண் தகட்டில், சிவப்புக் குறி மூன்று கோடு இடது பக்கம் தள்ளி நின்றது.

மூன்று கோடு என்றால் மூன்று மில்லிமீட்டர். அரை அரிசி நீளம். ஆனால் விரிசல்காரருக்குக் காதுமடல் சுட்டது. கட்டின மனைவி பெயர் மாறிப்போய்விட்டது என்று யாராவது சொல்லியிருந்தால்கூட அவர் அவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டார்.

விரிசல்காரர் என்பது ஆபீஸ் வைத்த பெயர். பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் ஆபீஸ் அது. இடிந்துபோன அந்தக் கோட்டையில் உள்ள பதினோரு விரிசல்களைப் பார்த்து எழுதிக்கொண்டு வருவதுதான் அவர் வேலை. விரிசலின் இந்தப் பக்கம் ஒரு கண்ணாடித் தகடு, அந்தப் பக்கம் ஒரு கண்ணாடித் தகடு, ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கும். மேல் தகட்டில் சிவப்பில் ஒரு கூட்டல் குறி, கீழ்த் தகட்டில் கட்டம் கட்டமாகக் கோடு. விரிசல் விரிந்தால் குறி வலது பக்கம் நகரும், மூடினால் இடது பக்கம். சுவர் சும்மா நின்றால் குறி நட்டநடுவில், பூஜ்யத்தில் நிற்கும். வியாழக்கிழமைதோறும் சரியாக நாலு மணிக்கு விரிசல்காரர் முதல் தகட்டின் முன் நிற்பார். நாற்பது நிமிடத்தில் பதினோரு தகடும் பார்த்து முடிப்பார். பத்தொன்பது வருடமாக அவர் நோட்டில் எழுதிய எண் ஒன்றே ஒன்று. பூஜ்யம்.

"கோழிகூட ஒரு சீசன்ல முட்டை போடுறதை நிறுத்தும். நம்ம விரிசல்காரர் நிறுத்த மாட்டார்" என்று ஆபீஸில் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பு அன்று காலை பத்து மணியோடு முடிந்தது.

முடித்துவைத்தவர் அவருடைய மாப்பிள்ளை. அதே ஆபீஸில் என்ஜினீயர். போன மாதம்தான் இந்தக் கோட்டைக்குப் பொறுப்பாக வந்திருந்தார். மகளும் அங்கேதான் வேலை, பார்வையாளர்களை அழைத்துப்போய் விளக்கம் சொல்கிற பிரிவில்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க" என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார். இப்படி ஆரம்பிக்கிற எதையும் சரியாக எடுத்துக்கொண்டவர் உலகத்தில் கிடையாது.

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"பத்தொன்பது வருஷம், பதினோரு தகடு, அத்தனையும் பூஜ்யம். எந்தச் சுவரும் இப்படி நிக்காது, மாமா. வெயில் மழைனு ஒண்ணு இருக்குல்ல?"

"நின்னுச்சு. எழுதினேன்."

"மேல ஏறாமலே வீட்ல உக்காந்து எழுதிட்டாருனு பேசிக்கிறாங்க. நான் சொல்லல. பேசிக்கிறாங்க."

மறுநாள் பதினோரு மணிக்குக் கோட்டையின் பெரிய கூடத்தை மக்களுக்குத் திறக்க இருந்தார்கள். எண்ணூறு வருடத்தில் கூரை விழாமல் மிஞ்சிய ஒரே இடம் அதுதான். முதல் நாள் நாற்பது பேர். அவர்களைக் கூடத்தின் நடுவில் நிறுத்தி வரலாறு சொல்லப்போகிறவள் மகள். அதற்கு முன் 'அசைவு இல்லை' என்று ஒரு சர்டிபிகேட் வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்குள் அதில் விரிசல்காரர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து வாங்க வந்தவர்தான் மாப்பிள்ளை, வாங்குவதற்கு முன் அந்தக் கையை ஒருமுறை முறுக்கியும் பார்த்துவிட்டார்.

விரிசல்காரருக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. பாதத்தில் புறப்பட்டு, முழங்கால், வயிறு, நெஞ்சு என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் ஏற்றிக்கொண்டு தொண்டைக்கு வந்து சேர்ந்த கோபம். அங்கே அதற்கு மேல் வழி இல்லை. எதிரில் இருப்பவர் மாப்பிள்ளை. பெண்ணைக் கொடுத்த இடத்தில் குரலை உயர்த்த முடியுமா? இரண்டு வருடமாக இப்படித்தான். மாப்பிள்ளை எது சொன்னாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "ஆமாங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து தலையணையைக் குத்துவது.

"வாங்க மாப்பிள்ளை. இப்பவே ஏறுவோம். உங்க கண்ணால பாருங்க."

"நாலு மணிக்குத்தானே போவீங்க?"

"சுவர் என்ன கையில கடிகாரமா கட்டியிருக்கு?"

நானூற்றுப் பன்னிரண்டு படிகள். விரிசல்காரர் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கோபம் அவரைச் சட்டைக் காலரைப் பிடித்து மேலே தூக்கிக்கொண்டு போனது. மாப்பிள்ளை மூன்று இடத்தில் உட்கார்ந்து, மூன்று தடவையும் செருப்பில் கல் மாட்டிவிட்டது என்றார்.

மேலே போய்ப் பார்த்தால், மூன்று.

மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம்.

"மூணு" என்றார், மரியாதையாக.

இரண்டாம் தகடும் மூன்று. மூன்றாவதும் மூன்று. நான்காவதும். ஒவ்வொரு தகட்டின் முன்னும் மாப்பிள்ளை எண்ணைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். அந்த வாய்மூடலில் பத்தொன்பது வருடமும் கிழிந்து தொங்கியது.

"போன வாரம் பூஜ்யம் இருந்துச்சு, மாப்பிள்ளை. என் கண்ணால பார்த்தேன்."

"சரிங்க மாமா."

"சரிங்க மாமா இல்ல. பார்த்தேன்."

"வெயில்ல கல்லு விரியும், மாமா. விரிசல் சுருங்கும். அதுதான் விஷயம். ஒவ்வொரு நாளும் இப்படித்தான் ஆடும். ஆனா உங்க நோட்ல ஒரு நாள்கூட ஆடல. அதைத்தான் நான்..." மீதியைக் காற்றில் விட்டார்.

வெயில் என்று சொன்னது விரிசல்காரருக்கு ஒரு பிடி கொடுத்தது. மீதி ஏழு தகடுகள் கூடத்துக்குள் இருந்தன. சுவர் ஆளின் உயரத்துக்குத் தடிமன், மேலே வளைவுக் கூரை, வெளிச்சத்துக்கு அந்தக் காலத்தில் அம்பு விட்ட ஒடுங்கிய சந்துகள் நாலு. கட்டிய நாளிலிருந்து வெயிலைப் பார்க்காத கல். "உள்ள வாங்க. அங்க எந்த வெயில் வருதுனு பார்ப்போம்" என்று நுழைந்தார்.

ஐந்தாம் தகடு. மூன்று.

அவர் டார்ச்சை நெருக்கிப் பிடித்தார். சிவப்புக் குறி அசையாமல் நின்றது. மாப்பிள்ளை போன் அடித்தது, உள்ளே பேச்சு விட்டுவிட்டுக் கேட்டது, அவர் வெளியே போனார். "மேலதிகாரி, மாமா. நீங்க பார்த்துட்டு வாங்க."

அவர் காலடிச் சத்தம் தேய்ந்த பிறகு விரிசல்காரர் மறுபடி தகட்டைப் பார்த்தார். நான்கு.

பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக அந்தக் குறி நகர்ந்ததை அவர் பார்த்தார். நகர்ந்ததைப் பார்த்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. நிமிட முள்ளை உற்றுப் பார்த்தால் நகராதது மாதிரி இருக்கும், கண்ணை எடுத்துவிட்டு வந்தால் நகர்ந்திருக்கும், அப்படி. ஐந்து. பிறகு ஆறு. ஆறில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஐந்து, நான்கு, மூன்று. மறுபடி நான்கு.

வேறு ஆளாக இருந்தால் எழுந்து போயிருப்பார். விரிசல்காரர் உட்கார்ந்தார். பயத்துக்கும் கோபத்துக்கும் இடையில் கோபம்தான் மூத்தது, முதலில் பேச அதற்குத்தான் உரிமை. போனால், மேலே ஏறாமல் எழுதினவர் என்ற பேச்சு நிலைத்துவிடும். எது ஆடுகிறது, ஏன் ஆடுகிறது, இத்தனை வருடமும் அவர் முன்னால் மட்டும் ஏன் ஆடவில்லை என்று தெரியாமல் அந்த மலையை விட்டு இறங்குவதில்லை என்று கீழே விழுந்துகிடந்த ஒரு தூண் துண்டின் மேல் உட்கார்ந்தார். நோட்டை எடுத்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுதினார். மூன்றிலிருந்து ஆறு வரை போக பத்து நிமிடம். ஆறிலிருந்து மூன்றுக்கு வர பத்து நிமிடம். ஏழு தகட்டிலும் ஒரே நேரத்தில், ஒரே எண். ஏழு விரிசல் ஏழு பக்கம் இருக்கிறது, ஒன்றுக்கொன்று சம்பந்தம் கிடையாது, ஆனால் பந்தியில் உட்கார்ந்தவர்கள் மாதிரி ஒன்றாகக் குனிந்து ஒன்றாக நிமிர்ந்தன.

ஒரு மணி ஆனது. இரண்டு ஆனது. வெளியில் மாப்பிள்ளை யாரிடமோ போனில் சிரிப்பது கேட்டது. என்னைப் பற்றித்தான் சிரிக்கிறான் என்று விரிசல்காரர் மனதுக்குள் ஒருமையில் நினைத்துக்கொண்டார். மனதுக்குள் மட்டும் அந்தச் சுதந்திரம் உண்டு.

பிறகுதான் வாடை தெரிந்தது. முதலில் ஈரக் கல் வாடை என்று நினைத்தார். ஈரக் கல்லின் வாடை அவருக்குத் தெரியும், அது குளிர்ந்த வாடை. இது வெதுவெதுப்பானது. நாள் முழுக்க யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு வாயைத் திறந்தால் வருமே, அந்த வாடை. குறி ஆறை நோக்கிப் போகும்போது அது அவர் முகத்தைக் கடந்து வாசல் பக்கம் போனது. மூன்றை நோக்கி வரும்போது பிடரி மயிர் சிலிர்த்து வெளிக்காற்று உள்ளே வந்தது. சந்து ஒன்றில் ஒரு பழைய சிலந்தி வலை இருந்தது. அது வெளிப்பக்கம் புடைத்து நின்றது, மெல்லத் தளர்ந்தது, உள்பக்கம் புடைத்தது. சந்துக்கு அப்பால் மலைச்சரிவில் புல் அசையவில்லை, ஒரு இலை அசையவில்லை.

அவர் எழுந்து சுவரில் கை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

அந்தக் கூடத்தில் ஏன் புறாக்கள் அடைவதில்லை என்று இதுவரை யோசித்ததே இல்லை. கோட்டை முழுக்கப் புறா எச்சம். கூடத்துக்குள் மட்டும் சுத்தம். நாலு மணிக்கு அவர் வரும்போது மட்டும் பத்துப் பதினைந்து புறாக்கள் உள்ளே வந்து மேல் விளிம்பில் உட்காரும். அவர் கிளம்பும் நேரத்தில் சொல்லிவைத்தாற்போல் பறந்துவிடும். தன் பிஸ்கட் தூளுக்கு வருகின்றன என்று அவர் நினைத்திருந்தார். எவ்வளவு செல்லம் என்று மகளிடம்கூடச் சொல்லியிருக்கிறார்.

மூன்றே முக்கால் ஆனது. குறி ஆறிலிருந்து திரும்பியது. ஐந்து. நான்கு. மூன்று. மூன்றில் நிற்கவில்லை.

இரண்டு.

சிலந்தி வலை உள்பக்கம் வளைந்து, இன்னும் வளைந்து, ஒரு நூல் அறுந்தது. வாசலிலிருந்து தூசியும் சருகும் அவர் காலைத் தாண்டி உள்ளே ஓடின. சட்டை முதுகோடு ஒட்டியது.

ஒன்று.

மூன்று ஐம்பத்தெட்டு. மூன்று ஐம்பத்தொன்பது.

பூஜ்யம்.

எல்லாம் நின்றது. வலை நின்றது. தூசி நின்றது. புறாக்கள் வந்து விளிம்பில் உட்கார்ந்து கழுத்தைச் சிலுப்பின. கூடம் முழுக்க ஒரு அமைதி இறங்கியது. அந்த அமைதி அவருக்கு நன்றாகத் தெரியும், பத்தொன்பது வருடப் பழக்கம். ஆபீஸ் சத்தத்தை விட்டு இங்கே வந்தால் எவ்வளவு நிம்மதி என்று மனைவியிடம் எத்தனை தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அது நிம்மதி இல்லை. கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டவன், தேடி வருகிறவனின் காலடி கேட்டதும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறானே, அது. அவர் வரும் நேரம் அதற்குத் தெரியும். அவர் எண்ணத்தான் வருகிறார் என்று தெரியும். எண்ணிவிட்டுப் போகும்வரை பிடித்துக்கொண்டிருந்தது.

நாற்பது நிமிடம்.

"அப்பா, இங்கயா இருக்கீங்க? சாப்பிட்டீங்களா?"

மகள். கையில் காகிதச் சுருள், தோளில் பை. பின்னால் மாப்பிள்ளை. மகள் நாளைக்குப் பேச வேண்டியதை இடத்தில் நின்று ஒரு தரம் பேசிப் பார்க்க வந்திருந்தாள். நேராகக் கூடத்தின் நடுவுக்குப் போனாள், இங்கே நின்றால் எதிரொலிக்கிறதா என்று கையைத் தட்டிப் பார்த்தாள்.

மாப்பிள்ளை ஐந்தாம் தகட்டைப் பார்த்தார். ஆறாவதைப் பார்த்தார். அவசரமாக மீதி ஐந்தையும் பார்த்துவிட்டு வெளியே ஓடி, வெளிச்சுவரின் நாலு தகட்டையும் பார்த்துவிட்டு மூச்சு வாங்க வந்தார்.

"மாமா. பூஜ்யம்."

விரிசல்காரர் நோட்டை மூடினார்.

"எல்லாம் பூஜ்யம். சாயங்காலம் திரும்பிடுது. நீங்க நாலு மணிக்குத்தானே பார்ப்பீங்க, அதான்." அவர் குரல் இறங்கியது. "மன்னிச்சிடுங்க மாமா. நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்றேன், பத்தொன்பது வருஷமும் அவர் எழுதினது சரிதான்னு."

காலையிலிருந்து இந்த வார்த்தைக்காகத்தான் அவர் கொதித்துக்கொண்டிருந்தார். வந்துவிட்டது. பல் போன பிறகு கிடைத்த முறுக்கு மாதிரி அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

"இந்தாங்க, பேனா" என்று மாப்பிள்ளை சர்டிபிகேட்டை நீட்டினார். 'அசைவு இல்லை.'

போட்டால் பெயர் மிஞ்சும். நாளைக்குப் பதினோரு மணிக்கு, இது தன் பாட்டுக்கு மூச்சுவிடும் நேரத்தில், மகள் நாற்பது பேரோடு அதன் நெஞ்சுக்குள் நிற்பாள். போடாவிட்டால் பத்தொன்பது வருடமும் பொய் என்று அவரே தன் கையால் எழுதிக் கொடுத்த மாதிரி. ஆனால் நாளைக்கு என்ன, இன்றைக்கே. கடிகாரத்தைப் பார்த்தார். நாலு இருபத்தைந்து. அது மூச்சை விட இன்னும் பதினைந்து நிமிடம்.

"வணக்கம்" என்றாள் மகள், இல்லாத கூட்டத்தைப் பார்த்து. "எண்ணூறு வருஷமா அசையாம நிக்கிற ஒரு கூடத்துல இப்ப நீங்க நிக்கிறீங்க."

"கண்ணு." குரல் உயராமல் பார்த்துக்கொண்டார். கூடம் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று ஏனோ நிச்சயமாகத் தோன்றியது. கண்டுபிடித்துவிட்டார்கள் என்று தெரிந்தால் யாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். "அப்பாவுக்குத் தண்ணி வேணும். வெளிய போய் எடுத்துட்டு வா."

"இந்தாங்க" என்று தன் பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

குடித்தார். வேறென்ன செய்ய.

"மாப்பிள்ளை, வெளிய போய் எழுதுவோம். வாங்க. நீயும் வாம்மா."

"இங்கயே போடுங்க மாமா, ஒரு கையெழுத்துதானே."

"அப்பா, ரெண்டு நிமிஷம் சும்மா இருங்களேன். இன்னும் பாதிகூடப் பேசல."

நாலு முப்பத்தைந்து. விளிம்பில் ஒரு புறா எழுந்து நின்றது. சுண்ணாம்புத் தூள் ஒரு சிட்டிகை மகளின் தலைமுடியில் விழுந்தது. அவள் கவனிக்கவில்லை. வலையில் மிஞ்சிய நூல்கள் நடுங்கின. அதிக நேரம் அடக்கியவனின் மூக்கு துடிக்குமே, அப்படி. அந்தத் துடிப்பு விரிசல்காரருக்குப் புதிதில்லை. இரண்டு வருடமாகச் சாப்பாட்டு மேஜையில் அவர் மூக்கு துடித்தது அதே மாதிரிதான்.

நாலு முப்பத்தேழு.

"டேய்."

மாப்பிள்ளை பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று.

"உன்னைத்தான்டா. காலைல இருந்து சர்டிபிகேட், சர்டிபிகேட். நீ படிச்ச படிப்புக்கு ஒரு செங்கல்லை நிமிர்த்தி வைக்கத் தெரியுமாடா? வெளிய போ. உன் மூஞ்சியைப் பார்க்கவே பிடிக்கல."

கூடத்தில் அந்த 'டா' போய் நாலு சுவரிலும் பட்டுத் திரும்பி வந்தது.

"அப்பா." மகளின் குரல் கிசுகிசுப்பாக வந்தது. "அவரை என்ன சொன்னீங்க?"

"உன்னையும் சேர்த்துத்தான் சொன்னேன். பேச வந்துட்டா, பெரிய பேச்சு. மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிற கிளிக்கு ஒரு மைக்கு. போ வெளிய."

எதிரியைக்கூட அவள் அப்படிப் பார்த்ததில்லை, பெற்றவரை அப்படிப் பார்த்தாள். காகிதத்தைச் சுருட்டினாள். ஒழுங்காகச் சுருட்ட வரவில்லை, கசக்கிக்கொண்டாள். "இனிமே எங்க வீட்டு வாசப்படி மிதிக்காதீங்க" என்றாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பதினான்கு காலடி, பதினைந்து, பதினாறு. வாசலைத் தாண்டிவிட்டாள். ஒரு மனிதன் வெறுக்கப்பட்டதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்டு யாரும் பார்த்திருக்க முடியாது.

மாப்பிள்ளை மட்டும் நின்றார். முகம் செங்கல்லாகச் சிவந்திருந்தது.

"நான் ஏன் போகணும்? இது உங்க வீடு இல்ல. ஆபீஸ் இடம்."

"வாங்க மாப்பிள்ளை. வெளிய வந்து என்னை அடிக்கணும்னாலும் அடிங்க."

"இப்ப மாப்பிள்ளையா?"

"காலைப் பிடிக்கிறேன். வாங்க." கையைப் பிடித்து இழுத்தார். மாப்பிள்ளை உதறினார்.

"உங்க கையெழுத்தே வேண்டாம். நானே பார்த்து, நானே எழுதி, நானே போட்டுக்கறேன். போங்க."

விரிசல்காரர் பின்வாங்கினார். இதை எவ்வளவு நேரம் யோசித்தார் என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. ஒரு எட்டு. இன்னொரு எட்டு. வாசல் கல்லைக் கால் தொட்டது. வெயில் பிடரியில் பட்டது.

நாலு நாற்பது.

உள்ளிருந்து மாப்பிள்ளையின் குரல் கணீரென்று வந்தது. குத்திக் காட்டுகிற குரல். "அஞ்சாம் நம்பர், பூஜ்யம். கேக்குதா? ஆறாம் நம்பர், பூஜ்யம். ஏழாம் நம்பர்..."

புறாக்கள். எல்லாம் ஒன்றாக. அவர் தலைக்கு மேலே, முகத்தில் இறக்கை அடித்துக்கொண்டு.

"ஏழாம் நம்பர், ஒண்ணு."

பிறகு காற்று வந்தது. வாசலிலிருந்து. சூடாக. நீளமாக. அவரைத் தூக்கி வெளியே புல்லில் போட்டது. மகள் ஏற்கெனவே விழுந்து கிடந்தாள். சருகு, தூசி, எண்ணூறு வருட வாடை. முடியவில்லை அது. வந்துகொண்டே இருந்தது.

"மூணு. நாலு. மாமா, இது என்ன..."

வாசல் ஒடுங்கியது. இடியவில்லை. ஒரு கல் விழவில்லை. உதடு குவிகிற மாதிரி.

"ஏழு. எட்டு."

மகள் எழுந்து ஓடினாள். அவர் அவள் காலைக் கட்டிக்கொண்டார். அவள் அவர் முகத்தில் மிதித்தாள். விடவில்லை.

"பதினொண்ணு."

கை நுழையும் அகலம். பிறகு விரல் நுழையும் அகலம். பிறகு வாசல் இருந்த இடத்தில் கல்லோடு கல் பொருந்திய சுவர். ஒரு கீறல் இல்லை.

காற்று நின்றது. மகள் காலை உதறிக்கொண்டு போய்ச் சுவரில் இரண்டு கையையும் வைத்துக் காதை ஒட்டினாள். அவரும் ஒட்டினார். கல் வெதுவெதுப்பாக இருந்தது.

உள்ளே, ரொம்பத் தூரத்தில், மாப்பிள்ளையின் குரல். கூச்சல் இல்லை, அழுகை இல்லை. மறுபடி மரியாதை வந்திருந்தது.

"பதினெட்டு, மாமா."

"பத்தொன்பது."

"இருபது."

தகட்டில் இருபதோடு கட்டம் முடிந்துவிடும். அதற்கு மேல் எண் கிடையாது. இருவரும் காத்திருந்தார்கள். சுவருக்கு அப்பால் எதுவோ மெல்லத் தொண்டையைச் சரிசெய்துகொண்டது.

"இருபத்தொண்ணு" என்றது. மாப்பிள்ளையின் குரல் இல்லை.

மகளின் உள்ளங்கை இரண்டும், கல்லோடு சேர்ந்து, மெதுவாக வெளிப்பக்கம் எழுந்து, மெதுவாக உள்ளே இறங்கின.

விரிசல்காரருக்கு வலது முட்டி மடங்காமல் போய் இருபது வருடம் ஆகிறது. அந்த நானூற்றுப் பன்னிரண்டு படி இருக்கட்டும், சொந்த வீட்டு மொட்டை மாடிக்குத் துணி உலர்த்தக்கூட அவர் ஏறியதில்லை. இதுவும் சோற்றின் மேல் ஆணை.